தாய்மார்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்!



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

சில வாரங்களுக்கு முன், அஸருக்குப் பிந்திய மக்தப் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்தார்கள். இரண்டரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் இளம் தாய் மதரஸா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். "ஹஜ்ரத், புள்ளைக்குக் கண்ணேறு பட்டிருக்கு போல. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்க மாட்டேங்கிறான். கேட்டது கிடைக்கலன்னா தரையில விழுந்து தலையை முட்டுறான். மாமி ஓதி ஊதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

ஓதி ஊதிக் கொடுத்தோம். கண்ணேறு உண்மை என்பதும், நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் ஓதி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்பதும் நாம் அறிந்தவையே. ஆனால், ஓதிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. எனவே சில விஷயங்களைக் கேட்டோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பிள்ளையின் அத்தா எங்கே? இரவில் வீட்டில் என்ன நடக்கிறது?

விடை எளிமையாக இருந்தது. கணவர் சவூதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். கடை அடைத்து, அறைக்குத் திரும்பி, இரவு ஒன்பது மணிக்குத்தான் அவரால் பேச முடியும். அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. மகனின் முகத்தைப் பார்க்காமல் அவருக்கு உறக்கம் வராது. ஆகவே அதுவரை பிள்ளை விழித்திருக்க வேண்டும். தூங்கி விழும் பிள்ளையை விழிக்க வைக்க, கையில் செல்போன். அழைப்பு முடிந்து போனை வாங்கினால் அழுகை. அழுகை ஓயும்போது மணி ஒன்று. காலையில் மாமியாருக்குத் தேநீர் வைக்க ஆறு மணிக்கு எழ வேண்டும். பிள்ளையும் உடனே எழுந்துவிடும்.

இதில் அந்தத் தாய் செய்த குற்றம் என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை வேறோர் ஊரில் ஜும்ஆவுக்கு முந்திய பயானைக் கேட்க நேர்ந்தது. "இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை. நம் உம்மாமார்கள் எட்டும் பத்தும் பெற்று வளர்த்தார்கள். இவர்களால் ஒன்றை வளர்க்க முடியவில்லை. கையில் போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்" என்று பேச்சு போயிற்று. முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள். பள்ளியின் ஒலிபெருக்கி அந்தப் பேச்சைத் தெருவெல்லாம் கொண்டுசென்றது. முந்தைய இரவு முழுவதும் தூங்காத எத்தனை தாய்மார்கள் அடுக்களையில் நின்றபடி அதைக் கேட்டார்களோ, அல்லாஹ் அறிவான்.

இந்தப் பேச்சு அநீதியானது என்று நாம் சொல்கிறோம். மிம்பருக்கு அருகில் நின்று, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால் அதன் கேடு இன்னும் பெரிது. ஏனெனில் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு, மூன்று வயதுக் குழந்தையை வளர்க்கும் பாரத்தைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றிவைத்து, அவள் தடுமாறும்போது 'பொறுமை இல்லாதவள்' என்று பட்டம் சூட்டுவதற்குத் திருக்குர்ஆனிலோ நபிவழியிலோ இடமில்லை.

"அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை" என்ற வாதம்

நம் உம்மாமார்கள் பத்துப் பிள்ளைகள் பெற்றார்கள் என்பது உண்மை. அவர்கள் தனியாக வளர்த்தார்கள் என்பது பொய்.

காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவது அங்கே நெடுங்கால வழக்கம். கணவர் கடல் கடந்து வணிகத்துக்குச் சென்றாலும், பிள்ளை பெற்ற பெண் தன் உம்மாவோடு இருந்தாள். அடுத்த அறையிலோ அடுத்த வீட்டிலோ ராத்தாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். மற்ற ஊர்களிலும் கூட்டுக் குடும்பம் இருந்தது. ஒருவர் மடியில் பிள்ளை தூங்கினால் மற்றவர் சோறு வடித்தார். மூத்த பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். தெருவில் வாகனம் இல்லை. முற்றத்தில் மண் இருந்தது. பிள்ளை நாள் முழுவதும் ஓடியாடியது. இஷாவுக்கு முன்பே களைத்து விழுந்து உறங்கியது.

இன்று அந்தப் பெண்ணின் பேத்தி சென்னையில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் இருக்கிறாள். கதவைத் திறந்தால் மாடிப்படி; சன்னலைத் திறந்தால் போக்குவரத்து. பிள்ளை குதித்தால் கீழ்வீட்டார் மேலே வந்து சண்டை பிடிக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் புறப்படும் கணவர் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறார். அன்று ஐந்து பெண்கள் பகிர்ந்து செய்த வேலையை இன்று ஒருத்தி செய்கிறாள். பாட்டிக்கு இருந்த கைகளை எல்லாம் பேத்தியிடமிருந்து எடுத்துவிட்டு, "உன் பாட்டியைப் போல் ஏன் உன்னால் முடியவில்லை?" என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

அல்லாஹ் யாரிடம் பேசுகிறான்?

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனத்தை ஒவ்வொரு தகப்பனும் ஒருமுறை பொருளோடு ஓத வேண்டும். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அந்த வசனம் தொடங்குகிறது. உடனே அது தகப்பனின் பக்கம் திரும்புகிறது. அந்தத் தாயின் உணவும் உடையும் முறைப்படி அவன் பொறுப்பு என்கிறது. எந்த ஆன்மாவும் அதன் சக்திக்கு மேல் சுமத்தப்படாது என்கிறது. குழந்தையைக் காரணமாக வைத்துத் தாய்க்குத் தொல்லை தரக் கூடாது. தகப்பனுக்கும் தரக் கூடாது என்கிறது. பால்குடியை முன்கூட்டியே நிறுத்துவதானால் இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பி முடிவெடுக்கச் சொல்கிறது. வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்ட விரும்பினால் தவறில்லை, அவளுக்குரிய ஊதியத்தை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது.

ஒரே வசனத்தில் எத்தனை செய்திகள்! குழந்தை வளர்ப்பில் செலவு தகப்பனுடையது. முடிவு இருவருடையது. வெளியாரின் உதவியைக் கூலி கொடுத்துப் பெறுவது ஆகுமானது. சக்திக்கு மீறிய சுமை என்ற எச்சரிக்கை வேறெங்கோ அல்ல, பால்குடிக் குழந்தையைப் பற்றிப் பேசும் இந்த இடத்திலேயே வருகிறது. சக்திக்கு மேல் சுமத்தமாட்டேன் என்று படைத்தவனே கூறியிருக்க, நாம் சுமத்துகிறோம்.

'சுவனம் தாயின் காலடியில்' என்ற செய்தியை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். "சுவனமே உன் காலடியில் இருக்கும்போது இந்தச் சிறு சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று தாயைப் பார்த்துக் கேட்கிறோம். நஸாயீயில் இடம்பெறும் அறிவிப்பில் நபி (ஸல்) அவர்கள் அதை ஒரு தாயிடம் கூறவில்லை. போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஜாஹிமா (ரலி) என்ற மகனிடம் கூறினார்கள். தாயை விட்டு அகலாமல் அவருக்குப் பணிவிடை செய்யச் சொன்னார்கள். மகனுக்கு இடப்பட்ட கட்டளையைத் தாயின் வாயை அடைக்கும் பூட்டாக நாம் மாற்றிவிட்டோம்.

'ஒவ்வொருவரும் பொறுப்பாளரே' என்ற நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். கணவனின் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பெண் பொறுப்பாளி என்று அதில் வருகிறதே என்பார்கள். ஆம், வருகிறது. அதற்கு முன்னால், ஆண் தன் குடும்பத்தாருக்குப் பொறுப்பாளி, அவர்களைப் பற்றி அவன் விசாரிக்கப்படுவான் என்றும் வருகிறது. அந்தக் குடும்பத்தாரில் தூக்கமின்றித் தவிக்கும் மனைவி அடங்கமாட்டாளா?

உமர் (ரலி) கேட்ட அழுகுரல்

இப்னு சஅதின் 'தபகாத்' முதலான நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வு. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவுக்கு ஒரு வணிகக் கூட்டம் வந்து தங்கியது. அன்றிரவு கலீஃபாவும் அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதது. உமர் அவர்கள் சென்று, அல்லாஹ்வுக்கு அஞ்சிப் பிள்ளையை நல்லபடியாகக் கவனிக்குமாறு தாயிடம் சொன்னார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் அதே அறிவுரை. இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாம் முறையும் அழுகை கேட்டதும் அவர்கள் தாயைக் கடிந்துகொண்டார்கள்.

இதுவரை அந்த நிகழ்வு நம் பயானைப் போலவே இருக்கிறது. குழந்தை அழுகிறது, தாய் கண்டிக்கப்படுகிறாள். வந்திருப்பவர் கலீஃபா என்பதை அறியாத அந்தப் பெண் மறுமொழி கூறினார். பிள்ளையைப் பால்குடி மறக்கடிக்க முயல்வதாகவும், அவன் மறுப்பதாகவும் சொன்னார். காரணம் கேட்டபோது, பால்குடி மறந்த பிள்ளைக்கே உமர் மானியம் தருகிறார் என்றார். பிள்ளைக்கு வயது சில மாதங்களே ஆகியிருந்தன.

அழுகைக்குக் காரணம் தாயின் பொறுமையின்மை அல்ல, தம் உத்தரவே என்பதை உமர் (ரலி) அவர்கள் உணர்ந்தார்கள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அவர்கள் அழுத அழுகையால், ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிள்ளைகளை அவசரப்பட்டுப் பால்குடி மறக்கடிக்க வேண்டாம், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இனி மானியம் உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் அந்த உத்தரவு எழுதப்பட்டது.

சகோதரர்களே, ஒரு குழந்தை இரவில் அழுதபோது கலீஃபா மாற்றியது தாயை அல்ல, சட்டத்தை. குழந்தை அழும் வீட்டைக் கண்டால் "இந்தத் தாயை இந்நிலைக்குத் தள்ளியது எது?" என்று கேட்பதே அந்தச் சுன்னத்தான கேள்வி. அதற்குரிய பதிலில் நம் பெயரும் இருக்கலாம் என்ற அச்சமே நம்மைக் கேட்கவிடாமல் தடுக்கிறது.

தூக்கம் ஓர் அமானிதம்

ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உறங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது.

இதை மருத்துவர்கள் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா? இரவு தொடங்கும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளவும், கதவுகளை மூடவும், விளக்குகளை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியது புகாரியில் உள்ளது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் அவர்கள் வெறுத்ததாகவும் வருகிறது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. இஷாவுக்குப் பிறகுதான் தொலைக்காட்சி உரக்கக் கேட்கிறது. இரவு பத்தரைக்கு உறவினர்கள் 'சும்மா பார்த்துவிட்டுப் போக' வருகிறார்கள். கூடம் முழுவதும் விளக்கெரிய, அறையில் பிள்ளை மட்டும் உறங்க வேண்டும் என்று தாய் போராடுகிறாள். உறங்காத பிள்ளை மறுநாள் முழுவதும் சிணுங்குகிறது. அந்தச் சிணுங்கலுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிரிவின் வலி நமக்குத் தெரியும். குடும்பத்துக்காகவே நீங்கள் பாலைவன வெயிலில் உருகுகிறீர்கள். ஆனால் உங்கள் ஆசைக்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கேட்காதீர்கள். சவூதியில், குவைத்தில், கத்தரில் காலை ஏழு மணி என்றால் இங்கே ஒன்பதரை. துபாயில் ஏழு என்றால் இங்கே எட்டரை. வேலைக்குப் புறப்படும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள்; பிள்ளையும் தெளிவாக, சிரித்த முகத்தோடு இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரைதான். இரவுப் பதினொன்றரை மணியை உங்கள் மனைவிக்கு விட்டுக்கொடுங்கள். அவர் தூங்கட்டும்.

ஊரில் இருக்கும் தகப்பன்மார்களின் நிலை இதைவிட வெட்கத்துக்குரியது. அதில் நாமும் அடக்கம். நம் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, "காலையில் ஃபஜ்ருக்கும் வகுப்புக்கும் போக வேண்டும்" என்று சொல்லி, தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள்தாம் நாம். அதைப் பேணுதல் என்று நினைத்தோம். வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டார்கள் என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை மாணவர்களுக்கு நடத்திய நாமே அப்படிச் செய்தோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

அடம் பிடிப்பது ஷைத்தானின் வேலையா?

இரண்டு வயதுப் பிள்ளை தரையில் விழுந்து புரள்வதைக் கண்டதும், "இப்போதே அடித்துத் திருத்தாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்" என்கிறார்கள். அந்த வயதில் பிள்ளைக்கு விருப்பம் வந்துவிட்டது. அதைச் சொல்லும் சொல் இன்னும் வரவில்லை. கோபம் வருகிறது, அதை அடக்கும் ஆற்றல் வளரவில்லை. பசியும் தூக்கமும் சேர்ந்தால் அழுகையாக வெடிக்கிறது. இது வளர்ச்சியின் ஒரு படி. ஷைத்தானையும் ஜின்னையும் இதற்குள் இழுக்க வேண்டியதில்லை.

அடிப்பதற்கு ஆதாரமாக, ஏழு வயதில் தொழுகையை ஏவவும் பத்து வயதில் அதற்காகக் கண்டிக்கவும் சொல்லும் அபூதாவூதின் நபிமொழியைக் காட்டுகிறார்கள். அதையே எண்ணிப் பார்ப்போம். ஏழிலிருந்து பத்துவரை மூன்று ஆண்டுகள். நாளொன்றுக்கு ஐந்து வேளை. ஐயாயிரம் முறைக்கு மேல் அன்போடு சொன்ன பிறகே கண்டிப்பு பற்றிய பேச்சு வருகிறது. அதுவும் தொழுகை என்ற தலையாய கடமைக்காக. பாலைக் கொட்டியதற்கும், சோறு உண்ண மறுத்ததற்கும், இரண்டு வயதுப் பிள்ளையின் கன்னத்தில் அறைவதற்கு இதில் எங்கே ஆதாரம்? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளாத நபியின் உம்மத் நாம்.

இங்கேயும் நம் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "வீட்டில் தொல்லை தாங்கவில்லை, மதரஸாவில் உட்காரட்டும்" என்று நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நாமும் ஏற்றுக்கொள்வோம். அவர்கள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பிரம்பால் மேசையைத் தட்டுவோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அந்தச் சத்தத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அழவில்லை, நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு நமக்குப் பாடம் நடத்திய நபிமொழி உம்மு கைஸ் (ரலி) அவர்களுடையது. இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் மகனை அவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார். அவர்கள் மடியில் வைத்துக்கொள்ள, பிள்ளை ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. அவர்கள் தண்ணீர் கொண்டுவரச் செய்து தெளித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். முகச்சுளிப்பு இல்லை, தாய்க்கு ஒரு கடிந்த சொல் இல்லை. மறுநாள் பிரம்பை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இன்றும் வீடுகளில், "சாப்பிடாவிட்டால் ஹஜ்ரத்திடம் சொல்லிவிடுவேன்" என்று பயமுறுத்துகிறார்கள். அல்லாஹ்வின் வேதத்தைக் கற்றுத் தருபவரைப் பூச்சாண்டியாக்கிய பழியில் நமக்கும் பங்குண்டு.

பூச்சாண்டிக்கு மறுபக்கம் பொய் வாக்குறுதி. "வா, மிட்டாய் தருகிறேன்" என்று அழைத்துவிட்டு வெறுங்கையை விரிப்பது. தம் மகனை ஏதோ தருவதாக அழைத்த ஒரு தாயிடம் என்ன தரப்போகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள். மழலையிடம் சொல்வதும் பொய்யே. அத்தா கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறுவதும் அதில் சேரும்.

செலவு யாருடையது?

மேலப்பாளையத்தில் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றும் தாய், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் தாய், பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தாய் என எல்லோர் வீட்டிலும் ஒரே கேள்வி: பிள்ளையை யார் பார்ப்பது? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுபவருக்கும், நான்கு பேர் வேலை பார்க்கும் கடையில் இருப்பவருக்கும் அதனால் பயன் இல்லை. தனியார் காப்பகத்தில் விட்டால் சம்பளத்தில் பெரும்பகுதி கட்டணமாகப் போய்விடுகிறது.

அப்போது கணவர் போடும் கணக்கைக் கவனியுங்கள். "உன் சம்பளத்தில் காப்பகக் கட்டணம் போக என்ன மிஞ்சுகிறது?" அது ஏன் *அவளுடைய* சம்பளத்தில் கழிக்கப்பட வேண்டும்? பிள்ளை இருவருடையது. பராமரிப்புச் செலவு தகப்பன் மீது என்பது மேலே கண்ட வசனத்தின் தீர்ப்பு. மனைவியின் உழைப்பூதியம் அவளுடைய உடைமை. அவள் மனமுவந்து கொடுத்தால் அது தர்மம்.

"காப்பகத்தில் விடுவதே நம் கலாச்சாரம் அல்ல" என்பவர்களுக்கு ஸீராவை நினைவூட்டுகிறோம். நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களே பனூ சஅத் குலத்து ஹலீமா (ரலி) அவர்களின் வீட்டில் வளர்ந்தார்கள். பால்குடிக்கும் பிள்ளைகளைத் தேடி மக்காவுக்கு வந்த செவிலித் தாய்மார்கள் முதலில் அவர்களை ஏற்கத் தயங்கியது ஏன்? அநாதைப் பிள்ளை; ஊதியம் தரத் தகப்பன் இல்லையே என்பதால். பிள்ளையைப் பராமரிப்பது ஊதியத்துக்குரிய வேலை என்பதும், அதைத் தருபவர் தகப்பன் என்பதும் அன்றைய அரபகம் அறிந்திருந்தது.

எந்த இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்ப்பவர் யார், உணவு ஹலாலா, இடம் பாதுகாப்பானதா என்று விசாரிப்பது கடமை. அந்த விசாரணையைத் தகப்பனே நேரில் சென்று செய்யட்டும்.

இனி என்ன செய்வது?

குறை கூறி நிறுத்துவது ஆலோசனை ஆகாது. ஆகவே நான்கு யோசனைகள்.

ஒன்று, தகப்பன்மார்களுக்கு. வாரத்தில் சில இரவுகளேனும் பிள்ளையின் பொறுப்பை முழுமையாக நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் ஃபஜ்ருக்குப் பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே செல்லுங்கள். அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் உங்கள் மனைவிக்கு நகையைவிட மேலான அன்பளிப்பு.

இரண்டு, மாமியார், நாத்தனார்களுக்கு. இஷாவுக்குப் பின் வீட்டு விளக்குகளைக் குறையுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். பிள்ளை அழும்போது "எங்கள் காலத்தில்" என்று தொடங்காமல், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. மக்தப் நடப்பது அதிகாலையிலும் மாலையிலும்தான். மின்விசிறியும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் உள்ள எத்தனையோ மதரஸாக் கட்டிடங்கள் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பூட்டிக் கிடக்கின்றன. அதே தெருவில் தாய்மார்கள் தவிக்கிறார்கள். அரசு விதிகளைக் கேட்டறிந்து, பயிற்சி பெற்ற பெண்களை நியாயமான ஊதியத்தில் நியமித்து, அங்கே மழலையர் காப்பகம் நடத்த முடியாதா? மஹல்லாவின் விதவைகளுக்கும் அதில் வேலை கிடைக்கும். வசதியுள்ளவர் கட்டணம் தரட்டும். இல்லாதவருக்கு பைத்துல் மால் உதவட்டும்; ஜகாத்திலிருந்து கொடுக்கும் முறையை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். வலீமா மேடையின் ஒரு நாள் பூ அலங்காரத்துக்குச் செலவிடும் சமுதாயத்துக்கு இது பெரும் தொகை அல்ல. அதுவரை, அருகில் நல்ல அங்கன்வாடி இருந்தால் அனுப்பத் தயங்காதீர்கள். சத்துமாவும் மதிய உணவும் விளையாட்டும் அங்கே இலவசம். நாம் செலுத்தும் வரியில் நடப்பது அது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்கு, நம்மைப் போன்ற உஸ்தாதுகளுக்கும் பயான் செய்பவர்களுக்கும். குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள் நபி (ஸல்) அவர்கள். பேத்தி உமாமா (ரலி) அவர்களைத் தோளில் சுமந்தபடி தொழவைத்தார்கள். குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது, தடுக்கித் தடுக்கி நடந்துவந்த பேரர்களைக் கண்டு மிம்பரிலிருந்து இறங்கிச் சென்று தூக்கிக்கொண்டார்கள். அவர்கள் மிம்பரிலிருந்து குழந்தைக்காக இறங்கினார்கள். நாமோ தாயைத் திட்டுவதற்காக அதன் அருகே ஏறுகிறோம். இந்த ஒன்றையாவது நிறுத்துவோம்.

அந்தச் சகோதரியிடம் தண்ணீர் பாட்டிலோடு ஒரு செய்தியையும் சொல்லி அனுப்பினோம். இன்று முதல் இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துப் பிள்ளையை உறங்க வையுங்கள். அழைப்பைக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஹஜ்ரத் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றோம். சற்று நின்றுவிட்டு, "நான் சொன்னா கேக்க மாட்டாங்க ஹஜ்ரத். நீங்களே ஒரு வார்த்தை போன்ல சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதைத்தான் இந்தக் கட்டுரை செய்கிறது. தாய் சொன்னால் கேட்காத வீடுகளுக்காக, அவளுடைய பேச்சை நாம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் கணவர்கள் இன்றிரவு அவளிடமே கேட்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் மனைவி மக்களை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. அவர்களுக்கு எங்களையும் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. எங்கள் தாய்மார்கள் எங்களுக்காக விழித்திருந்த இரவுகளுக்கு நீயே கூலி வழங்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.